எதிரணிக்குக் கொடுத்த மெரூன் செட்

1. முதல் நாள்

கால்பந்து கிளப்பில் கிட் மேனேஜராக வேலைக்குச் சேர்ந்த அன்று, 'கிட்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஃபர்ஸ்ட் எய்டு கிட் என்று நினைத்துக்கொண்டேன். தாராவியில் ஒரு மெடிக்கல் கடையில் பஞ்சு, பேண்டேஜ், டெட்டால், இரண்டு மூட்டுவலித் தைலம் எல்லாம் வாங்கி ஒரு டப்பாவில் அடுக்கி, செம்பூர் ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கிளப் செக்ரட்டரி கல்யாணி மேடம் டப்பாவைத் திறந்து பார்த்தார். மாட்டுங்காக்காரர். இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

"மைதீன் பாய், யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல மேடம். கிட் கொண்டாந்திருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. "கிட்னா சட்டை, ஷார்ட்ஸ், சாக்ஸ். அதைத் தோய்ச்சு, மடிச்சு, மேட்சுக்குக் கொண்டு வந்து, திரும்பி எடுத்துண்டு போறதுதான் உங்க வேலை. இந்த டப்பாவும் இருக்கட்டும், உபயோகப்படும்" என்றார்.

எனக்கு இந்த வேலை கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தாராவியில் நான் விளையாட்டுச் சட்டை தைத்துப் பிரிண்ட் போடும் பட்டறை வைத்திருந்தேன். செம்பூரில் இட்லி மாவு கம்பெனி நடத்தும் சண்முகம் அண்ணாச்சிக்கு கால்பந்துப் பைத்தியம். அவருடைய வேன் டிரைவர்களும் பேக்கிங் ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிய டீம், ஒவ்வொரு கோப்பையாக ஜெயித்து வளர்ந்தது. கடைசியில் அண்ணாச்சி சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை எடுத்து, கோவாவிலிருந்து ஒரு கோச்சையும் கூட்டி வந்து, தேசிய லீக்கின் கீழ் டிவிஷனில் கிளப்பைச் சேர்த்துவிட்டார். முதல் செட் சட்டையை நான்தான் தைத்தேன். நெஞ்சில் ஒரு தட்டும் மூன்று இட்லியும். டெலிவரி கொடுக்கப் போன இடத்தில், "தச்ச ஆளே சட்டையப் பாத்துக்கிடட்டும்" என்றார் அண்ணாச்சி. பட்டறையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

2. சாம்பார் சாக்ஸ்

எங்கள் ஹோம் கலர் மஞ்சள். வெளியூர் மேட்சுக்கு மெரூன். இரண்டும் நானே தேர்ந்தெடுத்த துணி. ஆனால் தைப்பது வேறு, தோய்ப்பது வேறு என்று இரண்டாவது வாரமே தெரிந்துகொண்டேன். நேரத்தை மிச்சம் பிடிக்க, இரண்டு செட்டையும் ஒன்றாக மெஷினில் போட்டேன். சட்டைகள் தப்பித்தன. மஞ்சள் சாக்ஸ் தப்பவில்லை.

மைதானத்தில் மேட்ச் கமிஷனர், அதாவது ஆட்டம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க லீக் அனுப்பும் அதிகாரி, எங்கள் ஆட்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாக்ஸ் மஞ்சள்னு ரிஜிஸ்டர் பண்ணியிருக்கோம் பாய். இது என்ன கலர்?"

யோசித்துப் பார்த்தேன். "சாம்பார் மேடம்."

"அவர்கிட்ட அப்படிச் சொல்லாதீங்கோ."

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து கல்யாணி மேடம் ஒரு சட்டம் போட்டார். ஹோம் மேட்சாக இருந்தாலும் இரண்டாவது செட்டும் வேனில் இருக்க வேண்டும், முழுசாக, கோல்கீப்பர் சட்டையோடு. சாக்ஸுக்காகப் போட்ட சட்டம்தான் அடுத்த சீசனில் எங்களை ஒரு பெரிய சங்கடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

3. நெருளில் ஒரு சனிக்கிழமை

இரண்டாவது சீசனின் கடைசி மேட்ச். நெருளில் வாடகைக்கு எடுத்த மைதானம், சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டம். டிரா செய்தால் போதும், மேல் டிவிஷனுக்குப் போய்விடுவோம். செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் நம் ஜனங்கள் ஹார்பர் லைன் ரயில் பிடித்து வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார்.

எதிரணி வடகிழக்கில் ஒரு மலையூர் டீம். மூன்று நாள் ரயிலில் வந்தவர்கள். அவர்களை மைதானத்தில் இறக்கிவிட்ட பஸ், கிட் மூட்டைகளை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு அடுத்த சவாரிக்குப் புனே ரோட்டில் கிளம்பிப் போய்விட்டது. டிரைவர் போனை எடுத்தபோது லோனாவாலா தாண்டியிருந்தார். திரும்பி வருவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

அவர்களுடைய கிட் மேனேஜர் மேரி என்ற பெண், என் வயதுதான் இருக்கும். சாக்ஸ் பை ஒன்று மட்டும் அவர் கையில் இருந்தது. சாக்ஸைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு, காலிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

விதி எளிது. நம்பர் போட்ட சட்டை இல்லாமல் ஒரு டீம் இறங்க முடியாது. குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் இறங்கவில்லை என்றால் வாக்ஓவர். மூன்று பாயிண்ட் எங்களுக்கு. ஆடாமலேயே மேல் டிவிஷன்.

கமிஷனர் நேராக என்னிடம் வந்து, இரண்டாவது செட் இருக்கிறதா என்று ஹிந்தியில் கேட்டார். "பாய், தூஸ்ரா செட் ஹை க்யா?"

அவருக்குப் பின்னால் அண்ணாச்சி நின்றார். என்னைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துத் துணி கசக்குவது போலச் செய்து காட்டினார். செட் லாண்டரியில் இருக்கிறது என்று சொல்லச் சொல்கிறார். நன்றாகவே புரிந்தது. நான் வாயையும் திறந்துவிட்டேன்.

அப்போது எதிரணி டிரெஸ்ஸிங் ரூம் கதவு திறந்திருந்தது. பூட்ஸை மட்டும் அந்தப் பையன்கள் தங்கள் தோள்பைகளில் கொண்டு வந்திருந்தார்கள். அதைப் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டி முடித்து, மேலே பனியனோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சட்டை வந்தால் எழுந்துவிட வேண்டியதுதான் பாக்கி என்பது போல.

"ஹை சாப். வேன்ல இருக்கு" என்றேன். பாதி ஹிந்தி, பாதி தமிழ்.

அண்ணாச்சியின் கைகள் கசக்குவதை நிறுத்தின.

கல்யாணி மேடம் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் நம்பர்களுக்கு ஏற்ப அவர்களுடைய டீம் ஷீட்டைப் புதிதாக எழுத வேண்டும். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் என்னிடம் சொன்னார்: "நீங்க சொன்னதுதான் சரி பாய். ஆனா இன்னிக்குத் தோத்தோம்னா நான் உங்க பக்கத்துல உக்கார மாட்டேன்."

மேரியும் நானும் மூட்டையைப் பிரித்து ஆளுக்கு ஒரு சட்டையாகக் கொடுத்தோம். ஒரு பையன் நெஞ்சிலிருந்த படத்தைக் காட்டி ஹிந்தியில், "முட்டையா?" என்று கேட்டான். "இட்லி" என்றேன். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போட்டுக்கொண்டான். அது எட்டாம் நம்பர் சட்டை.

ஆட்டம் ஆரம்பித்ததும் கேலரியில் ஒரே குழப்பம். நம் ஜனங்கள் சீசன் முழுக்க வெளியூர் மேட்சை போனில் பார்த்தவர்கள். மெரூன் சட்டை பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் தன்னை அறியாமல் கை தட்டினார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

எண்பத்தைந்து நிமிஷம் வரை கோல் இல்லை. டிரா எங்கள் கையில் இருந்தது. எங்கள் கோல்கீப்பர் செல்வம், தாராவிப் பையன், ஒரு கார்னர் கிக்கில் வந்த பந்தைப் பிடித்தான். பிடித்தவுடன் ஆட்டத்தை வேகப்படுத்த, வழக்கமாகச் செய்வதைச் செய்தான். எங்கள் மிட்ஃபீல்டர் ஜோசப்பைத் தேடினான். ஜோசப் எட்டாம் நம்பர். வெளியூரில் போன மேட்ச் மெரூனில்தான் ஆடினோம். செல்வம் இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். கோலுக்குக் கொஞ்சம் முன்னால் மெரூன் எட்டு தனியாக நின்றது.

அழகாக, அளவாக உருட்டிவிட்டான்.

இட்லியை முட்டையா என்று கேட்ட பையன் ஒரு கணம் பந்தைப் பார்த்தான், செல்வத்தைப் பார்த்தான். தனக்குத்தானா என்று சந்தேகம் வந்திருக்கும். பிறகு கோலுக்குள் தட்டிவிட்டான்.

அந்த ஒரு கோலில் தோற்றோம். கல்யாணி மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எழுந்து போய் வேறு நாற்காலியில் உட்கார்ந்தார்.

டிரெஸ்ஸிங் ரூமில் செல்வம் கையுறையைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போனேன்.

"கை தானாப் போயிருச்சு பாய். மெரூன் எட்டப் பாத்ததும் நம்ம ஜோசப்னு உருட்டிட்டேன்."

"தப்பு என்னோடது செல்வம். நான் குடுத்திருக்கக்கூடாது."

"சட்ட என்ன செய்யும்? நான்லா மூஞ்சியப் பாத்திருக்கணும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜோசப் முதலில் சிரித்தான். பிறகு கோச். சத்தம் கேட்டு அண்ணாச்சி கதவைத் திறந்தார். எல்லோரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள்.

மேரி சட்டைகளை மடித்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து தந்தார். ஒன்று குறைந்தது. எட்டாம் நம்பர். அந்தப் பையன் வெளியே அதைப் போட்டபடியே நின்றுகொண்டு, கழற்றட்டுமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தான். நான் ஜோசப்பைப் பார்த்தேன். "எடுத்துட்டுப் போகட்டும் பாய். எனக்கு அந்த நம்பரே வேண்டாம்" என்றான் ஜோசப்.

4. மறுநாள்

காலையில் செம்பூர் ஃபேக்டரிக்கு வரச்சொல்லி அண்ணாச்சி ஆள் அனுப்பினார். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே அவர் கண்ணாடி ரூமில் உட்கார்ந்திருந்தார். தம்பியிடம் பட்டறையைத் திரும்பக் கேட்க வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனேன்.

"ஒரு பொய் சொல்லக்கூடாதா வே? லாண்டரில கெடக்குன்னு. நான் என்ன கொலையா செய்யச் சொன்னேன்?"

"வாயத் தொறந்தேன் அண்ணாச்சி. சொல்லத்தான் போனேன்."

"பொறவு?"

"பூட்ஸக் கட்டிட்டு உக்காந்திருந்தானுவ. அதப் பாத்துட்டேன்."

அவர் மேஜையிலிருந்த மாவுப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார். அந்த மலையூர்ப் பத்திரிகை ஒன்றில் வந்த படம். கோல் போட்ட பையன் இரண்டு கையையும் விரித்து ஓடி வருகிறான். நெஞ்சில் தட்டும் மூன்று இட்லியும் பளிச்சென்று தெரிந்தன.

"எம்புட்டுத் தெளிவா வந்திருக்கு பாத்தீரா? காசு குடுத்தாலும் இப்படிப் போடமாட்டான்."

"ஆமா அண்ணாச்சி."

"அந்த ஊருல இட்லி திங்க ஒருத்தனும் கெடையாது வே." அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போதும். போயி வேலையப் பாரும்."

அவர் ஒரு மாதம் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. கல்யாணி மேடம் மூன்றாம் நாளே பக்கத்து நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். மேல் டிவிஷனுக்குப் போக இன்னும் இரண்டு சீசன் ஆயிற்று. இரண்டிலும் நான் செல்வத்தின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

இப்போது கிளப்களில் இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து விஷயம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கலரைக் கலந்து தோய்க்காதே. மூட்டையைப் பஸ் வயிற்றில் போட்டால், அதை இறக்கும்வரை நீ பஸ்ஸை விட்டு நகராதே. வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், இருப்பதைச் சொல்லிவிடு. அதற்கு ஒரு மேட்ச் போனாலும் போகும், அதையும் தெரிந்துகொண்டே சொல்லு.

நான் ஓய்வு பெறும்வரை எல்லா ஹோம் மேட்சுக்கும் இரண்டாவது செட்டை வேனில் ஏற்றிக்கொண்டுதான் போனேன். ஆட்டம் தொடங்கும் முன் செல்வத்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, எதிரணி என்ன கலர் என்று இரண்டு தடவை சொல்லச் சொல்வேன்.