குடிக்காமல் குடிகாரன் ஆனேன்

நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஆனாலும் 1991-இல் எங்கள் பென்னலூரில் எனக்குக் குடிகாரன் என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தது என் அம்மா. தலையாட்டியது நான்.

இடது கால் இழுக்க ஆரம்பித்திருந்தது. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது. கம்பெனி கேட்டிலேயே சூப்பர்வைசர், "இன்னா, காலைலயே ஏத்திக்கினு வந்துட்டியா?" என்று திருப்பி அனுப்பினார். ஷிப்டுக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கூனிக் குறுகிப் போனேன்.

மெட்ராஸில் அப்போது புதிதாக வந்திருந்த ஸ்கேன் மிஷினுக்குள் என்னைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மூளைக்குள் வளையம் வளையமாக, குறுக்கே நறுக்கிய வெங்காயம் போல இருந்தது. நரம்பின் மேலுறை உரிந்துபோகிற நோயாம், ரொம்ப அபூர்வமாம். ஸ்டீராய்டு மருந்தைப் பாட்டிலில் தொங்கவிட்டு ஏற்றினார்கள். கால் நேரானது. "மறுபடி வந்தா உடனே ஓடி வரணும். தள்ளிப்போட்டா கால் போயிடும்" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூளைன்னு யாராண்டயும் வாயத் தொறக்காதடா. பைத்தியம்னு கட்டிவுட்டுடுவாங்க. அப்புறம் தங்கச்சிய எவன் கட்டுவான்? குடிக்கிறான்னு சொல்லிக்கலாம், எந்த வூட்ல இல்ல?" சரி என்றேன். ஸ்டீராய்டில் என் முகம் உப்பிப்போனது அந்தப் பொய்க்கு வசதியாகிவிட்டது.

தங்கைக்குக் குன்றத்தூரில் கல்யாணம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் மண்டப வாசலில் விழுந்தேன். நாக்கும் குழறியது. மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் சிரித்துக்கொண்டே தூக்கிப்போய், சமையல்கட்டுக்குப் பின்னால் கிடத்தி, தலையில் மோரை ஊற்றினார்கள். அம்மா வந்து பார்த்தாள். நோய் திரும்பிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். "வுடுங்கப்பா, தெளிஞ்சா எந்திரிச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் உண்மையைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் பயந்து கிடந்தேன். மோர் ஊற்றியதைவிட, அப்படிப் பயந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் அவமானமாக இருக்கிறது.

மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்த முறை கால் திரும்பவில்லை. தாமதமா, நோயின் குணமா என்று டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

கொஞ்ச காலம் கழித்து, தங்கை மனசு கேட்காமல் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் அன்றைக்கே கிளம்பி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா தாலி கட்டின கையோட நானே வண்டி வெச்சு இட்டுனு போயிருப்பேனே. எங்கள அவ்ளோ மோசமானவங்கன்னா நெனைச்சீங்க மச்சான்?"

போர்வையைக் காலுக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டேன்.