சத்தத்துக்கு அமுக்கிய பொத்தான்

கண் மருத்துவமனையில் அவளுக்கு ஊதல் அக்கா என்று பெயர். கண்ணில் காற்றை ஊதி உள்ளழுத்தம் பார்க்கும் மெஷினோடு பல வருஷம் குடித்தனம் நடத்தியதில் கிடைத்த பட்டம். இப்போது அந்த மெஷினுக்கே பரீட்சை வைத்திருந்தார்கள். கண் நரம்பைச் சத்தமில்லாமல் அரிக்கிற கிளாக்கோமாவை அது எத்தனை பேரிடம் கோட்டை விடுகிறது என்று பார்க்க வேண்டும். அதனால் அழுத்தம் சரியாக இருந்தாலும் ஓரப்பார்வையைச் சோதித்து, பக்கத்து அறை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அவர் நரம்பைப் பார்த்து முடிக்கும்வரை இவள் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.

பரீட்சைக்கு ஆள் குறைகிறதென்று அன்றைக்குப் புருஷனையே இழுத்து வந்திருந்தாள். பஸ் டிரைவர். வருஷா வருஷம் அவளே ஊதிப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்ன கண்கள். இன்றும் அழுத்தம் சரிதான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதா டாக்டரம்மா? கழுகுக் கண்ணு. கிளம்பட்டுமா?"

"இன்னும் ஒண்ணு பாக்கி. நடுப்புள்ளியையே பாருங்க. ஓரத்துல வெளிச்சம் மினுக்குனா மட்டும் பொத்தானை அமுக்குங்க."

ஒரு கண்ணை மூடிக் கட்டி, பெரிய கிண்ணம் போன்ற மெஷினுக்குள் அவர் முகத்தை வைத்தாள். வெளிச்சம் மினுக்கும்போதெல்லாம் அது டக்கென்று சத்தம் போடும். டக். அமுக்கினார். டக். அமுக்கினார். அவசரக்காரர்களைப் பிடிக்க அந்த மெஷின் நடுநடுவே வெளிச்சமே காட்டாமல் வெறும் சத்தம் போடும். அதற்கும் அமுக்கினார்.

அவள் நிறுத்தினாள். "சத்தத்துக்கு அமுக்குறீங்க."

"எதுக்கு அமுக்குனா என்ன?" என்றவரின் குரல் இறங்கியது. "கோளாறுன்னு வந்தா என்னை ஸ்டியரிங் பக்கம் விடுவாங்களா? இதையே போட்டு அனுப்பிடேன்."

போன வாரம் டெப்போ கேட்டில் பஸ்ஸை உரசிவிட்டு, வீட்டுக்கு வந்து தூணைத் திட்டித் தீர்த்தாரே.

"பஸ்ஸுக்குள்ள ஆளுங்க இருப்பாங்கல்ல. மறுபடி உட்காருங்க."

"வெளிச்சம் வரலைன்னா?"

"வரலைன்னா அமுக்காதீங்க."

டக். அமுக்கினார். டக். விரல் சும்மா இருந்தது. டக். டக். வெளிச்சம் வந்து வந்து போனது. கட்டைவிரல் அசையவே இல்லை. அவள் திரையில், அவர் பார்க்காமல் விட்ட இடமெல்லாம் கறுப்பு மெல்லப் பரவியது.

"என்ன, பாஸா?"

"டாக்டர் சொல்வாரு. உள்ள போங்க."

வாயை அடக்கியவளுக்கு முகத்தை அடக்கத் தெரியவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார். கதவுவரை போய்த் திரும்பி வந்து, பைக் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"போகும்போது நீயே ஓட்டு. பிரேக்கைப் பாத்துப் போடு, தாயே."