கழுவிய பல்

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த அக்காவை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவருடைய தாடையெலும்புதான். புதுச்சேரியில் பல் டாக்டரிடம் போய்வந்த அன்று, எக்ஸ்ரே படத்தை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். சாம்பல் நிற எலும்புக்குள் பளிச்சென்று இரண்டு வெள்ளைத் திருகாணிகள். "எங்க வூட்டுக்காரு இத்தினி வருஷமா மைன்ஸ்ல போல்ட்டு முடுக்கிகினு கெடக்குறாரு. நான் வாயிலயே முடுக்கிக்கினேன், பாத்தியா?" என்று சொல்லிவிட்டு, அவரே முதலில் சிரித்தார். திருகாணி எலும்போடு பிடித்துக்கொண்ட பிறகுதான் மேலே பல் மாட்டுவார்கள். அந்தச் சில மாதங்கள் கீழ்வரிசையில் ஒரு பக்கம் ஓட்டையாகவே இருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது. ஓட்டை தெரியத் தெரியச் சிரிப்பார். எனக்கு அப்போதே அவர்மேல் ஒரு பொருமல் உண்டு. என் மகள் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். என் கூடப்பிறந்த அக்காவைக்கூட அவள் அத்தனை ஆசையாக அப்படிக் கூப்பிட்டதில்லை.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது அந்த விபத்து நடந்தது. டியூஷனிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஸ்கூட்டரை ஓட்டியது நான். குறுக்கே வந்த நாய்க்குப் பிரேக் போட்டேன், வண்டி சறுக்கியது, பின்னால் இருந்தவள் சாலையோரக் கல்லில் முகம் மோத விழுந்தாள். மோவாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று, பழுப்புப் புழுதியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்கு ஓடினேன். இந்த ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நிலக்கரித் தூசி படியாத பொருளே கிடையாது என்பதால், எதையும் துடைக்காமல் கழுவாமல் தொடமாட்டோம். கடைக்காரர் கை கழுவ வைத்திருந்த சோப்பைப் போட்டு, பாத்திரம் தேய்க்கும் நாரால் அந்தப் பல்லைத் தேய்த்தேன். வேரில் ஒட்டியிருந்த சிவப்புத் துணுக்கெல்லாம் போய்ப் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தேன். பிறகு சுத்தமான கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். பக்கத்துத் தொட்டித் தண்ணீரில் பால் பாக்கெட்டுகள் மிதந்துகொண்டிருந்தன.

மோவாயில் தையல் போட்டுக்கொண்டு வடலூர் பல் டாக்டரிடம் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைத் திரைக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டார். "யாரும்மா இதை இப்படித் தேய்ச்சுக் கழுவினது? வேரைச் சுத்தி இருந்த சவ்வே போச்சே. ஒரு டம்ளர் பால்ல போட்டு உடனே கொண்டாந்திருந்தா திரும்ப வெச்சுப் பார்த்திருக்கலாம். இனி வெச்சாலும் நிக்காது" என்றார். நான் விலங்கியல் படித்தவள். திசு என்றால் என்ன, செல் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதியவள். எலும்பில் திருகாணி முடுக்கி இம்ப்ளாண்ட் பல் வைக்கலாம், ஆனால் தாடை வளர்ச்சி முடிந்த பிறகுதான், பதினெட்டு பத்தொன்பது வயதாகட்டும் என்றார் டாக்டர். அதுவரை கழற்றி மாட்டும் செயற்கைப் பல். கழுவியதால்தான் போயிற்று என்பதை மகளிடம் நான் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. எதிர் வீட்டு அக்காவிடம் மட்டும் ஒருநாள் அடக்கமுடியாமல் அழுது கொட்டிவிட்டு, ஏன் சொன்னோம் என்று அன்றே நொந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் மகள் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்கு உதட்டைக் குவித்துப் பதில் சொல்வாள். சாப்பிடும்போது செயற்கைப் பல்லைக் கழற்ற வேண்டியிருந்ததால் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். நான் பரிமாற வந்தால் துப்பட்டா முனை வாய்க்குப் போய்விடும். ஆனால் பள்ளி விட்டு வந்ததும் எதிர் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் தெருவைத் தாண்டி என் சமையலறைக்கு வரும். இரண்டு பேர் சிரிப்பு. அதில் ஒன்று என் பெண்ணுடையது என்று நம்ப எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஒருநாள் அக்கா பலாச்சுளை கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போனேன். கதவு திறந்திருந்தது. செயற்கைப் பல் ஒரு டம்ளர் தண்ணீரில் கிடந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். அக்கா கடகடவென்று கடித்துக் காட்டி, "இது இரும்புப் பல்லு கண்ணு. நீ ஓட்ட வழியா ஊதித் தின்னு" என்றார். என் மகள் தலையைப் பின்னால் சாய்த்து, முன்பல் இல்லாத வாயை முழுசாகத் திறந்து சிரித்தாள். நிலைப்படியில் என்னைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. விளக்கை அணைத்ததுபோல் இருந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வயிறு எரிந்தது என்று சொன்னால் அது வெறும் வார்த்தை. எனக்கு நிஜமாகவே அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு நான் செய்ததெல்லாம் சின்னத்தனம். "எப்பப் பாத்தாலும் அடுத்த வீட்டுல என்ன வேலை?" என்று கடிந்தேன். அவள் கிளம்பும் நேரம் பார்த்து வேலை வைத்தேன். அக்காவின் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகப்போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குறிஞ்சிப்பாடிக்குப் போய்விடுவார்கள் என்று தெரிந்தபோது, வாயால் "அச்சச்சோ" என்றேன். மனதுக்குள் மாதத்தை எண்ணினேன். இந்த டவுன்ஷிப்பில் எப்படிப்பட்ட உறவுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு என்பதை நினைத்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான்.

லாரியில் சாமான் ஏற்றியாயிற்று. மகள் தேர்வு எழுதப் போயிருந்தாள். அக்கா என்னை வேலி ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத தங்கச்சி. நீ பல்ல கழுவுன கதை பொண்ணுக்குத் தெரியும்."

"நீங்க சொல்லிட்டீங்களாக்கா?"

"நான் ஏன் சொல்றேன்? டாக்டரு ஒங்கிட்ட சொல்லக்குள்ள திரைக்கு அந்தாண்ட குந்திகினு அத்தினியும் கேட்டுக்கினுதான் இருந்திருக்கா. 'என் வாயப் பாத்தா அம்மா மூஞ்சி செத்துடுது பெரியம்மா, அதான் மூடிக்கிறேன்'னு சொல்லுச்சு. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிச்சு."

"அப்ப இப்ப ஏன் சொல்றீங்க?"

"நான்தான் போறேனே. இனிமே அது யார்கிட்ட சிரிக்கும்?"

லாரி கிளம்பிப் போனது. அந்த இடத்தில் நன்றி தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது பொறாமைதான், முன்னைவிட அதிகமாக. என் மகள் என்னை மன்னித்திருக்கிறாள், அந்த மன்னிப்பையும் அந்த அக்காவிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியும் என்று மகளிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். சொன்னால், அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்றாகிவிடுமே என்ற வீம்பில் இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் இம்ப்ளாண்ட் வைக்க அவளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அவளுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. டாக்டர் சின்ன வயதுப் பெண். குறிப்பெழுதிக்கொண்டே, "விழுந்த பல் அன்னைக்குக் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். ரோட்லயே தொலைஞ்சுபோச்சு" என்றாள் மகள். பலமுறை சொல்லிப் பழகிய வேகம் அதில் இருந்தது. பள்ளியில், கல்லூரியில், எத்தனை பேரிடம் எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பாளோ.

"தொலையலை டாக்டர்" என்றேன். "நான்தான் எடுத்தேன். சோப்புப் போட்டு, நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டேன்."

"நிறையப் பேர் அப்படித்தாம்மா பண்றாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுதிக்கொண்டார். மகள் நாற்காலியிலிருந்து தலையைத் திருப்பினாள். செயற்கைப் பல்லைக் கழற்றி வைத்திருந்தாள்.

"பெரியம்மா சொல்லிட்டாங்களா?"

"ம்."

"எப்ப?"

"லாரி கிளம்புறப்ப."

"அடப்பாவி அம்மா! ரெண்டு வருஷமா தெரிஞ்சுமா சும்மா இருந்த?" என்றவள், வாய்க்குக் கையைக் கொண்டுபோகாமல் சிரித்துவிட்டாள். முழு வாயும் திறந்த சிரிப்பு. நடுவில் அந்த ஓட்டை. நான் கண்ணை எடுக்கவில்லை, என் முகம் செத்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு கடிக்கத் தேவையிருக்கவில்லை. எதிர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து தினமும் ஒருத்தி பார்த்த சிரிப்பு இவ்வளவு அழகானதா என்று நினைத்தபோது, மறுபடியும் அந்த அக்காமேல் வயிறு எரிந்தது.

திருகாணி வைத்து முடித்ததும் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். எலும்போடு பிடிக்க நான்கு மாதமாகும், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகலாம், அதுவரை நிரந்தரப் பல் மாட்ட முடியாது, வீட்டில் இருக்கும்போது செயற்கைப் பல்லையும் கழற்றியே வைத்திருக்கட்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"ஆறு மாசமே ஆகட்டும் டாக்டர்" என்றேன்.