லோரெட்டா போர்த்திய வெள்ளைத் துணி

காலை ஆறரைக்கு, தோட்டப் பாத்திமேல் போர்த்திய வெள்ளைத் துணியின் ஓரத்தைத் தூக்கி லோரெட்டா உள்ளே குனிந்தால், முதலில் வெளியே வருவது வசவுதான். "பாழாப்போன ஜென்மமே! நேத்து நல்லாத்தானே இருந்தே?" வெள்ளரிபோல நீளமாய்க் காய்க்க வேண்டிய சுக்கினியின் விரல் நீளப் பிஞ்சு, பூ இருந்த முனையில் மஞ்சளித்துக் கொழகொழத்துக் கிடக்கும். திருகிப் பறித்து வாளியில் எறிவாள். பக்கத்து வீட்டு வெர்னுக்குக் கேட்கட்டும் என்றுதான் அத்தனை வேகம்.

அமெரிக்காவில், ஒஹாயோவின் இந்தச் சிற்றூரில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வண்டிக்குள் தேனீ நுழைந்து பிள்ளைகள் அலறினால், வேகம் குறைக்காமல் தொப்பியைக் கழற்றி ஒரே அடி. "அவ்வளவுதான், உக்காருங்க!" அதே அதட்டல்தான் இப்போது செடிகளுக்கு. முட்டை ஓட்டைப் பொடித்து வேரில் போட்டாள். தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள். விதை விற்றவனைத் திட்டினாள், மழையைத் திட்டினாள். பிஞ்சுகள் அழுகிக்கொண்டே இருந்தன.

ஜூலைக் கடைசியில் இந்தத் தெருவில் சுக்கினி தின்று மாளாது. ஆளில்லாத நேரம் பார்த்து அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு நழுவுவார்கள். கார்க் கண்ணாடி இறங்கியிருந்தால் சீட்டில் போட்டுவிடுவார்கள். இதில் லோரெட்டாவை மிஞ்ச ஆள் கிடையாது. இருபது வருடமாகக் கொடுத்தே பழகிய கை. இந்த வருடம் அவள் வாசலிலேயே மூன்று காய்கள் கிடந்தன. "எனக்கே பிச்சையா?" மூன்றும் உரக்குழிக்குப் போயின.

வெர்ன் வேலியோரம் வந்து நின்றார். "ஏம்மா, இந்தத் துணியை இன்னும் எடுக்கலையா?"

"எதுக்கு எடுக்கணும்? போன வருஷக் கடைசியில தண்டுப்புழு பூந்து அத்தனையும் செத்துச்சே, மறந்துட்டியா? இந்தத் தடவை ஒரு பூச்சி உள்ள நுழையட்டும், பாக்கறேன்!"

"அதான் ஒண்ணும் நுழையலையே. தேனீயும் நுழையலை. பூ விட்டதும் துணியை எடுத்திருக்கணும். ஆண் பூவோட தூள் பெண் பூவுக்கு வராம பிஞ்சு எப்படிம்மா நிக்கும்?"

"உன் வேலையைப் பாருய்யா! சொல்லிக்குடுக்க வந்துட்டாரு."

உள்ளே போய்ச் சமையலறைக் கதவை அறைந்து சாத்தினாள். இருபது வருடத்தில் தேனீயைப் பற்றி அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. அதுபாட்டுக்கு வந்தது, அதுபாட்டுக்குப் போனது. கோடை முழுக்க ஊரையெல்லாம் திட்டியாயிற்று, திட்ட வேண்டிய ஆள் சமையலறையில் நிற்கிறாள். அந்த எரிச்சல்தான் தாங்கவில்லை.

மறுநாள் துணியைப் பிய்த்து இழுத்தாள், சுருட்டினாள், ஒரு உதை விட்டாள். இலைகளுக்கு நடுவில் பெரிய மஞ்சள் பூக்கள் திறந்து நின்றன. கொஞ்ச நேரத்தில் ஆண் பூ ஒன்றிலிருந்து உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு ஒரு தேனீ கிளம்பி, அவள் காதோரமாக ரீங்கரித்தது. பழகிய கை தானாகத் தொப்பியைக் கழற்றி ஓங்கியது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிஞ்சு தாங்கிய பெண் பூவின் விளிம்பில் தேனீ உட்கார்ந்து தயங்கியது.

"ம்... ஏறு, ஏறு. ஏற்கனவே லேட்டு," என்றாள் லோரெட்டா கடுகடுவென்று. தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.