எட்டுத் தாளில் ஒரு படக்கதை

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிரில்லிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். கை இரும்பைத் துளைக்கும். மண்டைக்குள் படக்கதை ஓடும். அங்கேயே டிராயிங் பிரிவில் இருந்த என் நண்பன் அருமையாகப் படம் போடுவான். நான் எழுத, அவன் வரைய, எட்டுத் தாளில் ஒரு துப்பறியும் கதை தயாரானது. ஒரு படக்கதைப் பத்திரிகை புதியவர்களிடம் கதை கேட்டிருந்தது. எங்களுடையதைத் தேர்ந்தெடுக்காமல் வேறு எதை எடுப்பார்கள் என்ற மிதப்பில் இருந்தேன்.

அனுப்புவதற்கு முன் சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்பவர்களிடம் காட்டினோம். இருப்பது அரை மணி நேரம், ஆளோ ஏழெட்டுப் பேர். டீக்கடையில் தினத்தாளைப் பிரித்துப் படிப்பது போல எங்கள் கதையையும் பிரித்து ஆளுக்கொரு தாளாக எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் தாளை முடித்தவன் இரண்டாம் தாளுக்குப் போனான். கடைசித் தாளில் தொடங்கியவனும் உண்டு. எல்லாரும் "சூப்பரா கீது மாமே" என்றார்கள். லேத் மிஷின் ஓட்டுகிறவர் மட்டும் மூன்று தாளோடு நிறுத்திவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

"மீதி படிக்கலியா அண்ணாத்தே?" என்றேன்.

"சண்ட போட்றான், கார்ல போறான், மறுபடி சண்ட போட்றான். மீதியும் அதானே நைனா?"

என் முகத்தில் ஈயாடவில்லை. நண்பன் பாடு அதைவிட மோசம். இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அந்தத் தாள்களில் கொட்டியவன் அவன்தான். "இன்னும் ஒரே ஒருவாட்டி வரையறேன். அதுவும் தேறலன்னா பேனாவத் தூக்கிப் போட்டுட்டு என் வேலையப் பாத்துகினு போய்டுவேன்" என்றான். சொன்னால் செய்கிறவன் அவன். எனக்கோ வரைய வராது. நான் மாடு போட்டால் பெஞ்சு மாதிரி இருக்கும். அவன் போய்விட்டால் என் கதைகளுக்கும் அதோடு முடிவுதான்.

அந்த ஞாயிறு எட்டுத் தாளையும் தரையில் பரப்பினேன். மூன்றையும் ஆறையும் இடம் மாற்றினேன். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. என் மேலேயே எனக்குக் கோபம் பொங்கியது. நான் படைத்த துப்பறிகிறவனிடம் கறுப்புக் கண்ணாடி இருந்தது, துப்பாக்கி இருந்தது, ஹெலிகாப்டர்கூட இருந்தது. அவனுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் கதையில் எங்குமே இல்லை. அது பிடிபட்டதும் துள்ளி எழுந்துவிட்டேன். படக்கதை எழுத ஆசைப்படுகிறவர்களிடம் இன்றைக்கும் முதலில் தாள்களைக் கலைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

புதுக் கதையில் துப்பறிகிறவனுக்கு ஒரு தங்கை வந்தாள். ஆவடியில் ரயில் ஏறிவிட்ட அவள் மடியில் டிபன் கேரியர். அது கடத்தல்காரன் மாற்றி வைத்த கேரியர், உள்ளே வெடிகுண்டு. மூடியைத் திறந்தால் தீர்ந்தது. அவள் திறப்பதற்குள் அண்ணன் போய்ச் சொல்ல வேண்டும். ஜீப்பில் பெட்ரோல் தீர்கிறது, அதனால் ஒரு சைக்கிளைப் பறிக்கிறான். சைக்கிளில் வருவதால் ரயில்வே கேட்டில் மாட்டுகிறான். கேட்டை மூடியதே அவன் துரத்துகிற ரயிலுக்காகத்தான். ஒவ்வொரு தாளின் கடைசிக் கட்டத்திலும் தங்கையின் கை மூடியை இன்னும் கொஞ்சம் நெருங்கும். ஒரு தாளை இடம் மாற்றினாலும் கதை படுத்துவிட்டது. அதைப் பார்த்து நான் பட்ட ஆனந்தத்துக்கு அளவே இல்லை.

நண்பன் அதை எட்டுத் தாளில் வரைந்து கொண்டுவந்தான். பத்திரிகை வைத்த கெடுவுக்குள் தபாலில் சேர்க்க மூன்று நாள்தான் மிச்சம். மறுபடி சாப்பாட்டு வேளை, மறுபடி தாள்கள் பிரிந்தன. ஆனால் நான்காம் தாள் கிடைத்தவன் அதைப் படிக்காமல் முதல் தாளைத் தேடினான். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் அவர் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். லேத்காரர் தன் டிபன் கேரியர் மூடியில் கை வைத்தவர் வைத்தபடியே இருந்தார்.

"ஆறாவது தாள் யார்கிட்ட கீது?"

"இரு அண்ணாத்தே, படிச்சிகினு கீறேன்."

"அந்தப் பொண்ணு தொறந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

"சொல்லமாட்டேன்."

லேத்காரர் எட்டி இழுத்தார். தாளை வைத்திருந்தவனும் விடவில்லை. தாள் சரியாக நடுவில் கிழிந்தது, தங்கையின் கை ஒரு துண்டில், கேரியர் இன்னொரு துண்டில்.

சாப்பாட்டு வேளை முடிந்து சங்கு ஊதியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நண்பன் இரண்டு துண்டையும் வாங்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"தப்பா நெனச்சுக்காத நைனா" என்றார் லேத்காரர். கொஞ்சம் தயங்கி, "ஆனா ஏழாவது தாளயாவது குட்த்துட்டுப் போ" என்றார்.

நண்பன் ஏழாவது தாளை அவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஆறாவத நாளைக்கே வரஞ்சி எடுத்தாறேன். அடுத்த கதைக்கு இன்னா வச்சிகினு கீற, சொல்லு."