பேட்டரி சுமந்த வாரம்

நேற்று கராஜில் என் காரின் பேட்டரியைக் கழற்றும்போது எழுந்த புளித்த நெடியில், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தின், அந்த நீண்ட வரிசை வீடுகளின், கடைசிக் காம்பரா நினைவில் வந்து நின்றது. மின்சாரம் வராத எங்கள் லயத்தில் அங்கே, பெரியசாமி மாமா வீட்டில்தான், கார் பேட்டரியில் ஓடும் ஒரே டி.வி. இருந்தது. டவுனுக்குப் பேட்டரியைச் சுமந்துபோய், குறைந்த ஆசிட்டை நிரப்பி, சார்ஜ் ஏற்றி வருவது வாரம் ஒரு வீட்டின் முறை; படமா, நாடகமா, கிரிக்கெட்டா என்று அந்த வாரம் முடிவுசெய்வதும் அந்த வீடுதான்.

மற்றவர்கள் வாரத்தில் எல்லாம் கடைசிவரை ஓடும். நாங்கள் கேட்ட தமிழ்ப்படம் மட்டும் பாதியிலேயே ஓரங்களிலிருந்து சுருங்கி, வெள்ளைக் கோடாகி அணையும். மாமா பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்து, "பேட்டரி எறங்கிருச்சு, எல்லாரும் போங்க" என்பார். அந்தக் கை அங்கே என்ன செய்தது? நாங்கள் வெளியேறியதும் மாமி ஏன் கதவைச் சாத்தினாள்?

"வயரப் புடுங்கிட்டு அவங்க மட்டும் பாக்குறாங்கடி" என்றாள் அம்மா. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் காதை வைத்தால் மாமாவின் இருமல்கூட எனக்கு வசனமாகவே கேட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு நான் வருஷக்கணக்காகப் பேசவில்லை.

"சாய்ச்சுப் புடிக்காதடா, ஆசிட் கொட்டிரும், அப்புறம் சார்ஜ் நிக்காது" என்று நேற்று கராஜ்காரர் தன் பையனை அதட்டினார்.

மற்றவர்கள் பேட்டரியை ரோட்டு வழியே இரண்டு பேராகத் தூக்கி வருவார்கள். படம் தொடங்குமுன் வந்துவிட வேண்டுமென்று அப்பா மட்டும் தேயிலைக்குள் செங்குத்தான குறுக்குப்பாதையில், தனியாக, தோளில் சாய்த்துக்கொண்டு ஏறி வருவார். அவர் சட்டைத் தோளில் விழுந்திருந்த பொடி ஓட்டைகளுக்கும் அம்மா, மாமி வீட்டுக் கரப்பான்களைத்தான் திட்டினாள்.