மார்க்கண்டர் பெயரில் ஒரு படிப்புக் கணக்கு

ரொக்ஸ்பரோவில் மகன் வீட்டில் மார்க்கண்டருக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பாடு வரும், பனிக்காலத்தில் வாசற்படி இறங்கக் கைபிடிக்க ஆள் வரும். அவருடைய அபிப்பிராயத்தை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். கூப்பன் அரிசிக்கு வந்த சனத்தை வெயிலில் காயவிட்டு, தான் தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகே கதவைத் திறந்த மனிதர். அப்படிப்பட்டவருக்கு மொன்றியலில் திறப்பதற்கு ஒரு கதவுகூட இல்லாமல் போனது பெரிய வயிற்றெரிச்சல்.

அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்து கொடுத்தவன் மகன் மதிசுதன். கோட்-டெ-நெய்ஜில் அவன் நடத்திய சாப்பாட்டுக்கடை படுத்து, கடன்காரர் துரத்திய காலத்தில்தான் மகள் தக்ஷினிக்கு படிப்புச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்தான். பெற்றவர்கள் போடும் காசுக்கு மேலே அரசாங்கமும் தன் பங்கைப் போடும். பிள்ளை வளர்ந்து, விரும்பிய இடத்தில் மேற்படிப்புக்குச் சேரும்போது எடுக்கலாம். கடன்காரருக்குப் பயந்து தன் பெயரைத் தவிர்த்தவன் மனைவி நிரோஜாவின் பெயரைப் போட்டிருக்கலாம். கலியாண அழைப்பிதழில் அப்பாவின் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று வளர்ந்த பிள்ளை, இதிலும் அப்பாவின் பெயரைப் போட்டான்.

மரியாதைக்குச் செய்த காரியம். வங்கிக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது. கணக்கு யார் பெயரிலோ, அவர் கேட்டால்தான் காசு வெளியே வரும். கார்டறி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து மாதாமாதம் அதற்குக் காசு கட்டிய நிரோஜா அன்றே முணுமுணுத்தாள். பேருக்குத்தானே என்று மதிசுதன் அவள் வாயை அடைத்தான். மார்க்கண்டரோ வங்கிக் கடிதங்களைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

தக்ஷினிக்குக் கடலைப் படிக்கவேண்டும் என்று ஆசை. மீன், உப்பு, நீரோட்டம் என்று சின்னதிலிருந்தே அதே கதைதான். றிமூஸ்கி என்ற தூரத்து ஊரில் அதற்கான பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. அங்கே இடத்தை உறுதிசெய்யவும் தங்கும் அறைக்கும் ஆனி மாதம் முடியுமுன் காசு கட்டவேண்டும். படிப்புக்கான அரசாங்கக் கடன், வகுப்பு தொடங்கிய பிறகுதான் வரும். வீட்டில் வேறு காசு இல்லை, கணக்கிலோ வேண்டிய காசு இருந்தது. அப்பப்பா மார்க்கண்டர் ஒரு கையெழுத்து வைத்தால் போதும்.

பேத்தி வந்து பக்கத்தில் இருந்து கேட்டாள். மார்க்கண்டருக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. கண்ணாடியைத் தேடினார், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ‘பேந்து பாப்பம்’, பிறகு பார்க்கலாம், என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அவள் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தாள், முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்தக் கிழவர் அனுபவித்தார் என்று சொல்ல எனக்கு வாய் கூசவில்லை. சங்கக்கடை வாசலில் சனம் நின்றதுபோல ஒரு பிள்ளை நிற்கிறது, அதுவும் தன் சொந்தப் பேத்தி.

இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவரோடு இருந்து கதைப்பவள் தக்ஷினி ஒருத்திதான். பிரெஞ்சு தெரியாத அவருக்கு டொக்டரிடம் வாயும் காதும் அவள்தான். அவள் போய்விட்டால் தான் ஊமை என்பது அவருக்குத் தெரியும். பயமாக இருந்தது. பயப்படுகிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருக்கும். அவர் சொன்னது வேறு.

“மொன்றியலிலை எதைப் படிச்சாலும் இப்பவே கையெழுத்து வைக்கிறன். அங்கை போறதெண்டால் நான் செத்தாப்பிறகு போ.”

சாகிற எண்ணம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை. மதிசுதன் ஒருதடவை, “அப்பா, பிள்ளை ஆசைப்படுறாள்,” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். தன் கோழைத்தனத்துக்கு அவன் வைத்த பெயர் மரியாதை. நிரோஜா அறைக்குள் அழுதாள். ஆனி முடிந்தது, அறையும் இடமும் வேறு யாருக்கோ போயின. கோயிலில் மார்க்கண்டர், தான் தடுத்திராவிட்டால் பிள்ளை கெட்டுச் சீரழிந்திருக்கும் என்று பெருமையடித்தார்.

தக்ஷினி சண்டை பிடிக்கவில்லை. புரோசார்ட்டில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ரொக்ஸ்பரோவில் ஏறினால் ரயில் ஓடி முடியும் மற்ற அந்தம் அது. வீட்டைவிட்டுப் போகாமல் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம். திரும்பி வந்து சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அவர் எது கேட்டாலும் ஓம், இல்லை. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

இலையுதிர்காலத்தில் மனிதர் ஆடிப்போனார். தானாகவே தாளில் கையெழுத்து வைத்து, அவள் அறை வாசலுக்குக் கொண்டுபோய் நீட்டினார். அடுத்த வருசம் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார்.

“வேண்டாம் அப்பப்பா. உங்கட பேரிலைதானே கணக்கு, நீங்களே வைச்சிருங்கோ. நான் உழைச்சுப் போறன்.”

மார்கழியில் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. தக்ஷினி லீவு எடுத்து டொக்டரிடம் கூட்டிப்போனாள். படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு, பிரெஞ்சில் நெடுநேரம் சொன்னார். சொல்லும்போது மார்க்கண்டரின் கையைப் பிடித்தார். பேத்தி இடையில் என்னவோ கேட்டாள், டொக்டர் தலையை ஆட்டினார். மார்க்கண்டர் இரண்டு முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“என்னவாம் பிள்ளை?”

“மருந்து மாத்தியிருக்கினமாம். எழும்புங்கோ.”

“இவ்வளவு நேரம் கதைச்சவர். வேறை என்ன சொன்னவர்?”

அவள் அவருடைய கோட்டுப் பொத்தான்களைக் கவனமாகப் பூட்டிவிட்டாள். தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டாள்.

“வேறை ஒண்டும் இல்லை அப்பப்பா.”

ரயிலில் அவர் திரும்பவும் கேட்டார், பிறகு கெஞ்சினார். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ‘பேந்து சொல்லுறன்’ என்றாள்.